சேர்வரின் முதுகில் காய்ந்த குல்லா

கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்ட ஆபிஸில் கொம்பியூட்டர் சேர்வரைப் பார்த்துக்கொள்வதுதான் என் முதல் வேலை. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தன. தோட்டத்தின் கொழுந்துக் கணக்கு முழுக்க அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்தான் இருந்தது. ஹட்டனில் வாங்கிய கொம்பியூட்டர் சஞ்சிகை ஒன்றில், சேர்வர் அறைக்குக் கட்டாயம் ஏசி வேண்டும் என்று போட்டிருந்தார்கள். பேசினாலே வாயிலிருந்து புகை வரும் ஊரில் உட்கார்ந்து அதை வாசித்து, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பெட்டியின் பின்பக்கத்திலிருந்து எப்போதும் வெதுவெதுப்பான காற்று வரும். இதை முதலில் கண்டுபிடித்தவர் பெரிய கிளாக்கர். ஆபிஸில் அவர் வைத்ததுதான் சட்டம். மழைக்காலத்தில் எங்கள் வீடுகளில் எதையும் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில்தான் காயப்போடுவோம். ஆபிஸில் அடுப்பு இல்லை, சேர்வர் இருந்தது. நனைந்த கம்பளிக் குல்லாவைக் கழற்றி அதன் முதுகில் மாட்டிவிட்டார். மறுநாள் டிரைவர் தலை துவட்டிய துவாயும் வந்து சேர்ந்தது. நான் கத்தினால் எடுத்துவிடுவார்கள். சாப்பிட எங்கள் தொழிலாளர் லயத்து வீட்டுக்குப் போய் வருவதற்குள் மறுபடி தொங்கும்.

"என்னங்கய்யா இது, மெஷினா அடுப்பா?"

"சும்மா போற சூடுதானே தங்கச்சி. கொறஞ்சா போயிரும்?"

குறையவில்லை, கூடியது. காற்று வெளியேற வழியில்லாமல் சூடு தலைக்கேறியதும் சேர்வர் தானாகவே அணைந்துகொண்டது. மழை பெய்த பகலெல்லாம் இதே கூத்து. கொழும்புத் தலைமை ஆபிஸிலிருந்து தொலைபேசியில் எனக்குத் திட்டு விழும். கடைசியில், இன்ஜினியர் வந்து பார்ப்பார், பெட்டியில் பிழை இல்லையென்றால் ஆளை மாற்றுவோம் என்றார்கள். எங்கள் லயத்திலிருந்து நாற்காலி வேலைக்குப் போன முதல் பெண் நான். வேலை போய்விடும் என்று உண்மையிலேயே பயந்தேன். குல்லாவைக் காட்டிக்கொடுத்தால் தப்பிக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு பெரிய கிளாக்கரோடு அந்த ஆபிஸில் குப்பை கொட்ட முடியாது. வாயை மூடிக்கொண்டேன்.

இன்ஜினியர் யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பு வெயிலுக்குத் தைத்த மெல்லிய கோட்டோடு வந்து இறங்கினார். அன்று காலை சேர்வர் அறை கோயில் மாதிரி இருந்தது. ஒரு நூல்கூடத் தொங்கவில்லை. பெரிய கிளாக்கர் ஈரக் குல்லாவைத் தலையிலேயே வைத்துக்கொண்டு தும்மினார். மதியம்வரை பெட்டியைத் திறந்து குடைந்த இன்ஜினியர் என் பக்கம் திரும்பினார்.

"மெஷினிலை ஒரு பிழையும் இல்லை. நீர்தான் ஏதோ பிழையாச் செய்யிறீர். நான் அப்பிடித்தான் எழுதோணும்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பெரிய கிளாக்கரை முறைத்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

தோட்டத்து மானேஜர் துரையின் பங்களாவில் சாப்பிட்டுவிட்டு இன்ஜினியர் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்து வந்தவர், ரிப்போர்ட் எழுத வேண்டும், யாரும் வரவேண்டாம் என்று சேர்வர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு எதிரான ரிப்போர்ட். கொஞ்ச நேரத்தில் எங்கள் கொம்பியூட்டர்கள் எல்லாம் அப்படியே நின்றுபோயின. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். இன்ஜினியர் வெறுங்காலோடு நின்றார். சேர்வரின் பின்பக்கத்தை அவருடைய கோட்டு முழுதாக மூடியிருந்தது. அதற்கு மேலே இரண்டு காலுறைகள்.

பெரிய கிளாக்கருக்குப் பொறுக்கவில்லை.

"கோட்டெல்லாம் அது தாங்காதுங்க சார். நாங்க குல்லா, துவாயோட நிறுத்திக்குவோம்."

இன்ஜினியர் அவருடைய குல்லாவைப் பார்த்தார், தன் கோட்டைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, அறையில் சூடு அதிகம், ஏசி தேவை என்று புதிதாக எழுதினார். என்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

கொஞ்ச நாளில் ஏசி வந்தது. குளிரில் நடுங்கிக்கொண்டே அதைச் சுவரில் பூட்டினார்கள். வெளியே வைத்த அதன் பெட்டி தாழ்வாரத்தில் சூடான காற்றை ஊதத் தொடங்கியதும், பெரிய கிளாக்கர் கயிறோடு வந்து அதற்கு நேர் எதிரே நீளமாக ஒரு கொடி கட்டினார்.

"ஒங்க ஸ்வெட்டரையும் குடுங்க தங்கச்சி" என்றார்.

கொடுத்தேன்.