வீரையா ஏற்றிய முகட்டு மரம்

கண்டியில் ராஜலிங்கம் முதலாளியின் மரம் விற்கும் மரக்காலையில் மாட்டுவண்டி ஓட்டிய வீரையாவுக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷம் தொடங்கியதிலிருந்தே தலை சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனால் வண்டியைக் காணோம். செவலைக் காளையும் மயிலைக் காளையும் நிற்கிற இடத்தில் லொறி ஒன்று நிற்கிறது!

"மாடு எங்க மொதலாளி?"

"வித்தாச்சு."

யாருக்கு என்று கேட்க நாக்கு எழவில்லை. அதற்குள் முதலாளி, "இனி நீ லொறியில மரம் ஏத்து. ஒழுங்கா ஏத்தினா வேலை இருக்கு. இல்லன்னா நீ எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டார். வேறு தொழில் தெரியாத மனுஷன், என்ன செய்வான் பாவம்?

முதல் ஏற்றமே வில்லங்கமாக வந்து சேர்ந்தது. அம்பிட்டியவில் புதுவீடு கட்டுகிற ஒருவருக்கு முகட்டு மரம் போக வேண்டும். லொறித்தட்டோ குட்டை, மரமோ நெட்டை. நேராக வைத்துப் பார்த்தான், பின்னால் நீட்டிக்கொண்டு நின்றது. அப்படிப் போனால் வளைவில் எதிரே வருகிறவன் மண்டை போகும் என்றான் டிரைவர் லாபிர்.

"வீரையா அண்ணே, நான் செல்றத கேளுங்க. கோணலா போடுங்க. ஒரு முனை பின்பலகை மூலையில, மத்த முனை எதிர்ப்பக்கமா முன்னால லொறிக் கூரைக்கு மேல."

"நேரா வச்சா கொள்ளாத மரம் கோணலா வச்சா எப்படித் தம்பி கொள்ளும்? சுருங்கவா போவுது?"

"வச்சுப் பாருங்களே!"

வைத்தான். கொண்டது! வீரையா மரத்தைப் பார்த்தான், லொறியைப் பார்த்தான், சுற்றி வந்து மறுபடியும் பார்த்தான். எப்படிக் கொண்டது என்று கடைசிவரை பிடிபடவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் தனக்குத் தெரியும் என்று நினைத்தான், அதுதான் வினை. வண்டியில் பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கும், மாட்டின் கழுத்து நெரியும். அதனால் கனமான அடிமரம் எப்போதும் முன்னால்தான் வர வேண்டும். இத்தனை வருஷமாக அப்படித்தான் ஏற்றினான், இப்போதும் அப்படியே ஏற்றினான். பருத்த அடி கூரைமேல், மெலிந்த நுனி கீழே. லாபிருக்கு ஓட்டத் தெரியுமே தவிர பாரம் தெரியாது. அவனும் லொறியைக் கிளப்பினான்.

அம்பிட்டிய ஏற்றத்தில் லொறி முக்கி முனகி ஏறியது. கொண்டை வளைவு ஒன்றில் லாபிர் வெடுக்கென்று திருப்பினான். கூரைமேல் இருந்த அடிமரம் உருண்டது. கயிறு அறுந்தது. "ஐயோ, புடி, புடி!" என்று பின்தட்டில் நின்ற வீரையா கட்டிப்பிடித்தும் நிற்கவில்லை, மரம் அவனை உதறிவிட்டுப் பள்ளத்துக்குள் போய் விழுந்தது. இறங்கிப் பார்த்தால் நுனியிலிருந்து பாதிவரை பிளந்து கிடந்தது. வேலை போச்சு என்று வீரையா அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

மரக்காலைக்குத் திரும்பியதும் முதலாளி எகிறிக் குதித்தார்.

"அடிமரத்தை யாருடா மேல வைக்கச் சொன்னது?"

"கழுத்துக்குப் பாரம் வேணும்னு வச்சேன் மொதலாளி. இல்லன்னா மாட்டைத் தூக்கிடும்."

"மாடா? லொறிக்கு முன்னால மாடு எங்கடா இருக்கு மடையா?"

வீரையா லொறியின் மூக்கைப் பார்த்தான். வேலைதான் போய்விட்டதே, இனி பயம் என்ன?

"அதைத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன் மொதலாளி. யாருக்கு வித்தீங்க?"

"இறைச்சிக் கடை..." என்று தொடங்கிய முதலாளி பாதியில் நிறுத்தினார். நெற்றியில் காலையில் பூசிய விபூதியைத் துடைத்தார், துடைத்த கையைப் பார்த்தார். அந்தப் பெரிய சத்தமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"மரம் போனா போகுது. நாளைக்கு நேரத்தோட வேலைக்கு வா" என்றார் மெதுவாக.

வேலை தங்கிவிட்டது. வீரையா வீடுவரை அழுதுகொண்டே போனான்.