வாயை மட்டும் அசை

மாமல்லபுரத்தில் பெரியப்பா வீட்டு வாசலில், என் போனில் எங்கள் பங்க் ராக் இசைக்குழுவின் புது ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. பழைய ஆல்பங்களைக் கேட்டு "நாய்ங்க சண்ட போடுதா?" என்றவர், இதற்குத் தொடையில் தாளம் போட்டார்.

"இப்பத்தாம்மா பாட்டு மாதிரி கீது. உனக்கும் பக்குவம் வந்துச்சு."

அந்தத் தாளம் இருக்கிறதே, சின்ன வயதில் பஜனையில் கேட்ட அதே தாளம்தான். மார்கழி விடியலில் பெரியப்பா ஆர்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஜனையை நடத்திப் போவார். பனியில் கற்பூரமும் சிற்பக் கூடங்களின் கல்தூசியும் கலந்து மணக்கும். எட்டு வயதில் நான் ஆசையாக வாய் திறந்தேன். ஆர்மோனியம் நின்றது.

"இன்னா கொரலு இது, தகர டப்பா மாதிரி? வாய மட்டும் அசை. சத்தம் வந்துது, பொங்கல் கெடையாது!"

தெருவே சிரித்தது. வருஷா வருஷம் வாயை மட்டும் அசைத்தேன்.

அந்த ஆத்திரத்தில்தான் மேடையேறிக் கத்தினேன். கத்தினால் அவர் காதைப் பொத்திக்கொள்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது. அதனால்தான் இந்த முறை இனிமையாக மெட்டுப் போட்டேன்.

பெரியப்பா பல்லவியைச் சேர்ந்து பாடினார்: "வாய மட்டும் அசை, சத்தம் வந்தா பொங்கல் இல்ல... ஷோக்கா கீதே! யாரு எழுதுனது?"

"நீங்கதான் பெரியப்பா. மார்கழி பஜனைல."

அவர் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

நான் போனில் சத்தத்தைக் கூட்டினேன்.