மருந்தும் இல்லை, உணவும் இல்லை

எங்கள் மயூர் விஹார் குடியிருப்பில் காலையில் எதிர்ப்படுகிறவர்கள் 'சாப்பிட்டாச்சா' என்று கேட்பதில்லை. 'ஆஜ்கல் க்யா லே ரஹே ஹைன்?' என்பார்கள். இப்போதெல்லாம் என்ன எடுத்துக்கொள்கிறீர்கள் என்று பொருள். ஒருவர் மீன் எண்ணெய் என்பார், இன்னொருவர் மஞ்சள் கேப்சூல் என்பார். பதில் இல்லாதவரை இரக்கத்தோடு பார்ப்பார்கள். டெல்லிக்கு வந்து முப்பத்தெட்டு ஆண்டுகளாகியும் அந்தக் கேள்வி எனக்குப் பழகவில்லை. என் மனைவி மங்கைக்குப் பழகிவிட்டது. இந்த ஆண்டுத் தொடக்கத்தில் அவளும் ஒரு பதில் வைத்துக்கொண்டாள்: கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட். எதிர்வீட்டு பஞ்சாபி அம்மாள் இடுப்பு குறைந்ததாகச் சொன்னாராம். கோல் மார்க்கெட் அரசு குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் டிஸ்பென்சரி மாத்திரைகளை ரோஜாத் தொட்டியில் புதைத்த அதே பாளையங்கோட்டைக்காரி, தேயிலையின் சத்தைப் பிழிந்து அடைத்த கேப்சூலை வெறும் வயிற்றில் தினம் இரண்டு விழுங்கினாள்.

வாங்குமுன் குப்பியின் லேபிளைப் படித்தவன் நான்தான். அமைச்சகமொன்றில் சார்புச் செயலராக ஓய்வு பெற்றவன். லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று தெரியும். உணவு உரிம எண், காலாவதி தேதி, 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று' என்ற வாசகம், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கோப்பில் கையெழுத்திடுவதுபோலத் தலையசைத்தேன்.

மூன்றாம் மாதம் அவளுக்குச் சோறு பிடிக்காமல் போனது. ஒரு காலை பால்கனி வெளிச்சத்தில் திரும்பியவளின் கண்கள் இரண்டும் மஞ்சளாக இருந்தன. அன்றே மருத்துவமனையில் சேர்த்தேன்.

பாளையங்கோட்டையில் டாக்டர் ஒரு கேள்வி கேட்டால், நோயாளி வாய் திறக்குமுன் கூட வந்த நாலு பேர் அவர் ஒரு வாரமாகத் தின்றதையெல்லாம் சொல்லிவிடுவார்கள். டெல்லியில் ஒரு படிவம் தருகிறார்கள். படிவம் என்றால் எனக்கு உற்சாகம். 'தற்போது உட்கொள்ளும் மருந்துகள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். மறுநாள் இளம் டாக்டர், சாப்பாட்டில் ஏதாவது புதிதாகச் சேர்ந்ததா என்று இந்தியில் கேட்டார். இட்லி, ரசம், வழக்கம்போல என்றேன். மருந்தைக் கேட்டபோது அந்தக் கேப்சூல் சட்டப்படி உணவு. உணவைக் கேட்டபோது அது எங்கள் அடுப்படிக்கு வராத பொருள். இரண்டு முறையும் நான் பொய் சொல்லவில்லை.

வைரஸ் எதுவும் இல்லை என்று பரிசோதனைகள் வந்தன. கல்லீரல் எண்கள் மட்டும் ஏறிக்கொண்டே போயின. இப்படியே போனால் கல்லீரல் மாற்று அறுவைசிகிச்சை பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்று டாக்டர் வராந்தாவில் வைத்துச் சொன்னார்.

நான்காம் நாள் காலை மங்கை படுத்தபடியே சொன்னாள்: "அந்தக் கைப்பையை எடுங்க. காலைல உள்ளது இன்னும் போடல."

முந்தைய மூன்று நாளும் எடுத்துக் கொடுத்ததுபோலவே கேப்சூலை எடுத்து, டம்ளரில் வெந்நீர் ஊற்றினேன். டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்த கோட்டயத்து நர்ஸின் கை நின்றது.

"சாரே, அது என்ன?"

அது மருந்தல்ல, உணவு வகையில் சேர்ந்தது என்று விளக்கினேன். லேபிளையும் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் கவர்ன்மென்டுக்கு, சாரே. லிவருக்குத் தெரியுமோ?"

என் கையிலிருந்து கேப்சூலை வாங்கிக்கொண்டு வேகமாக வெளியே போனார். சற்று நேரத்தில் டாக்டர் வந்தார். குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, திட்டாமல், "யே பெஹ்லே க்யோன் நஹீன் பதாயா, அங்கிள்?" என்றார். இதை முன்பே ஏன் சொல்லவில்லை. எந்தக் கேள்விக்கும் விதி எண்ணோடு பதில் வைத்திருப்பவன் நான். அன்று டம்ளர் வெந்நீரை வாஷ்பேசினில் கொட்டினேன். மூன்று நாள் நானே தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

நிறுத்திய ஒரு வாரத்தில் எண்கள் இறங்கத் தொடங்கின. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண்ணின் மஞ்சள் மட்டும் மெதுவாகத்தான் போகும் என்றார்கள்.

வந்த அன்றே பாளையங்கோட்டையிலிருந்து அவள் தங்கை வள்ளி வீடியோவில் அழைத்தாள். மங்கை எல்லாவற்றையும் சொன்னாள்.

"அக்கா, மாசில வந்தப்ப ரெண்டு குப்பி குடுத்துட்டுப் போனியே, அதா?"

அவள் குப்பி கொடுத்தது எனக்குத் தெரியாது. மங்கை என்னைப் பார்க்கவில்லை. "போடுதியா அதை?" என்று கேட்டாள்.

"டெல்லில எல்லாரும் சாப்பிடுததுன்னு சொன்னியே. ஒரு குப்பி முடிஞ்சிட்டு."

மங்கை போனைக் கண்ணருகே கொண்டுபோய்க் கீழ் இமையை இழுத்துக் காட்டினாள். "இந்தா, பாரு. உன்னதைக் காட்டு." வள்ளியும் இழுத்துக் காட்டினாள். திரை முழுக்க பாளையங்கோட்டைக் கண், மூலைக் கட்டத்தில் எங்கள் மஞ்சள் கண். வள்ளியின் அறையில் வெளிச்சம் போதவில்லை, நிறம் பிடிபடவில்லை.

"ஜன்னல் பக்கம் போம்மா" என்றேன்.

படம் ஆடியது. சுவர் ஓடியது, கதவு ஓடியது. ஜன்னல் வரட்டும் என்று டெல்லியில் நாங்கள் இருவரும் திரைமேல் குனிந்திருந்தோம்.