காலைப் பிடித்த கை

நிலக்கரி மைன்ஸில் மண் வெட்டும் மெஷின் ஓட்டிய காலம் முழுக்க என் மனைவிக்கு நான் ‘உக்காந்துகினு சம்பளம் வாங்கறவரு’தான். பண்ருட்டிக்காரி, வாய் சும்மா இருக்காது. ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்து, இடுப்பு விட்டுப்போகிறது என்றால், உட்கார்ந்ததற்கா என்று சிரிப்பாள். எனக்கும் அதே நினைப்புதான். உட்காருவதில் என்ன பெரிய வேலை?

முதுகில் டிஸ்க் விலகிப் படுத்த பிறகுதான் தெரிந்தது. சாயாமல் உட்கார்ந்தால் முதுகுத் தசையும் வயிற்றின் உள் தசையும் விடாமல் நம்மைத் தாங்குகின்றனவாம். பிசியோதெரபி கொடுத்த பெண் சொன்னாள். சீட்டில் சாய்ந்தே காலத்தை ஓட்டியதில் என்னுடையவை சோம்பிப் போயிருந்தன. வயிற்றுத் தசை தேறினால்தான் மறுபடி மெஷின் என்றார் டாக்டர். இல்லையென்றால் ஸ்டோரில் லைட் டூட்டி. மெஷினை விட்டால் எனக்கு வேறொன்றும் தெரியாது. கேட்டதும் பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வேறு யாருக்கோ சொல்வதுபோல் இருந்தது.

வீட்டில் பாய் விரித்து, முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, கையை ஊன்றாமல் எழும் பயிற்சி. முதல் நாள் எழவே முடியவில்லை. அவள் என் பாதங்களை அமுக்கிப் பிடித்தாள். எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து சமையலைப் பாதியில் விட்டுவிட்டாவது வந்து பிடிப்பாள். அக்கம்பக்கத்தில் எல்லாம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் சோதித்தபோது காலைப் பிடிக்க ஆள் வேண்டாம் என்றார்கள். தோள் மட்டும் கொஞ்சம் எழுந்தது, அதோடு சரி. வீட்டில் எப்படிச் செய்தோம் என்று பிசியோதெரபிப் பெண் கேட்டாள். மனைவி ஆசையாகப் பிடித்துக் காட்டினாள்.

“காலப் புடிச்சா இடுப்புலேர்ந்து தொடைக்குப் போற தசைதாங்க தூக்கும். வயிறு சும்மா இருந்துடும்.”

டாக்டர் மெஷின் வேண்டாம் என்றுவிட்டார்.

வீட்டுக்குள் வந்ததும் மனைவி கேட்டாள்.

“நாந்தான் புடிச்சிப் புடிச்சிக் கெடுத்துட்டனா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மெஷின் போனதற்கு எனக்கு அழுகைகூட வரவில்லை, அவள்தான் அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் பாயை விரித்துப் படுத்தேன். பழக்கதோஷம், அவள் என் காலடிக்கு வந்து கையை நீட்டிவிட்டு, சட்டென்று இழுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

“போவாத. புடிக்காம சும்மா உக்காரு.”

தலையும் தோளும் கொஞ்சம் எழுந்தன. வயிறு நடுங்கியது. மடக்கிய முழங்கால்களின் இடைவெளியில், இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.