இரண்டு புளியங்கொட்டை

தனியாக இருக்கிற பெண்பிள்ளை என்றால் ஊருக்கு ஆயிரம் கேள்வி வந்துவிடும். தொண்ணூறாம் வருஷம் கனகவல்லி முடிச்சூர் ரோடு பக்கம் எல்லையம்மன் நகரில், நாலாம் தெருவின் கடைசியில் ஓட்டு வீடு போட்டுக் குடிவந்த அன்றே அடிபம்பில் ஒருத்தி கேட்டுவிட்டாள்: "வூட்ல ஆம்பள யாரும் இல்லியாக்கா?" வீட்டுக்குப் பின்னால் ஏரிக்கரை, இரண்டு பக்கமும் முள்காடு. அந்தப் பயத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "ஏன் இல்ல? என் புள்ள கீறானே. எக்ஸ்போர்ட் கம்பெனில நைட் டூட்டி. பகல் பூரா தூங்குவான்."

பிள்ளை இருந்தது என்னவோ நிஜம். பெயர் சிட்டிபாபு. முந்தின வருஷம், வேலைக்குப் போகாமல் சுற்றிக்கொண்டிருந்தவனைச் சாப்பிடுகிற நேரத்தில் "தண்டச்சோறு" என்று சொல்லிவிட்டாள். இருபது வயசு ரோஷம். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனவன்தான். பம்பாயிலிருந்து விலாசம் இல்லாமல் ஒரே ஒரு கார்டு வந்தது. போலீஸ் ஸ்டேஷனில், வளர்ந்த ஆளை எங்கேயம்மா தேடுவது என்று கேட்டார்கள். சேலையூரில் இருக்கும் அவளுடைய சொந்த அண்ணன், "கழுத கெட்டா குட்டிச்சுவரு. தானா வருவான், போ" என்றார். பம்பாய்க்கு எந்த ரயில் ஏறவேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆக, அவனைத் தேடி யாரும் போகவில்லை.

ஒரு பொய் சொன்னால் அதோடு விடுமா? அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டுமே! வாரத்தில் இரண்டு நாள் அவன் சட்டையைத் துவைத்து வாசல் கொடியில் போட்டாள். மழை நாளென்றால் வீட்டுக்குள் கொடி. பம்மலில் தோல் கையுறை தைக்கிற பட்டறையில் அவளுக்கு வேலை. காலையில் கிளம்பும்போது முன்கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, பின்கதவு வழியாக வெளியே வந்து அதைப் பூட்டுவாள். உள்ளே பிள்ளை தூங்கும்போது வாசலில் பூட்டுத் தொங்கினால் நன்றாகவா இருக்கும்? ராத்திரி சோற்றுத் தட்டு இரண்டு வைப்பாள். முதலில் ஊருக்காகச் செய்ததுதான். போகப்போக யாரும் பார்க்காத தட்டையும் வைத்தாள், பாவி மனசு.

நகர்க்காரர்கள் நம்பினார்கள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போயிற்று என்பார்கள். ஆனால் விடிந்தால் ஆபீசுக்கு ஓடி இருட்டினால் வருகிறவர்களுக்கு எதிர்வீட்டு ஆளையே தெரியாது, கடைசி வீட்டுப் பையனைக் கண்டார்களா!

தொண்ணூற்றாறில் ஜூன் மாதமே பேய்மழை பெய்து நகருக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகுதான் நகர் நலச் சங்கத்துச் செயலாளர் கஸ்தூரிரங்கன் விழித்துக்கொண்டார். ஆபீசில் ஃபைல் கட்டி ரிடையர் ஆனவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூப்பிட்டு, நம் ஊரின் ஆபத்தை நாமே படமாகப் போடுவோம் என்றார். பெண்கள் கோலமாவில் தெருக்களை இழுத்தார்கள். டிராக்டர் ஓட்டுகிற துளசிங்கம் நீலப் பொடியை வாங்கி, ஏரி நிரம்பி வழிகிற கலங்கலிலிருந்து நாலாம் தெரு வழியாக நேராக ஒரு பட்டை போட்டான். அந்த ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த குடும்பம் அவனுடையது. "மனை போட்டு வித்துட்டா தண்ணிக்கு வழி மறந்துபூடுமா சார்?" என்றான். மனை வாங்கியவர்களுக்கு முகம் சுண்டிவிட்டது.

பிறகு வீட்டுக்கு ஒருவராக வந்து, படத்தில் தங்கள் வீடு இருக்கும் இடத்தில், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை புளியங்கொட்டை வைக்க வேண்டும். நடக்க முடியாதவர் இருந்தால் ஒரு மிளகாயும் சேர்த்து வைக்க வேண்டும். வெள்ளம் வந்தால் அந்தக் கணக்குப்படி ஆள் போய்க் கூட்டிவரும். கனகவல்லி கையில் இரண்டு கொட்டைகள். ஒன்றை வைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். நாலும் ஐந்துமாய்க் குவித்திருந்தார்கள். எல்லோருக்கும் நடுவில் ஒற்றைக் கொட்டையை விட்டுவிட்டு வர அவளுக்கு மனசு வரவில்லை. இரண்டாவதையும் வைத்துவிட்டாள்.

"பையன் பகல்ல தூங்குவான் இல்லையா?" என்று கேட்டு, கஸ்தூரிரங்கன் அந்தப் படத்தை நகலெடுத்த சார்ட் பேப்பரில் அவள் வீட்டுக்கு நேராகப் பென்சிலால் இரண்டு என்று போட்டு, பக்கத்தில் குறித்துக்கொண்டார்: 'கதவைப் பலமாகத் தட்டவும்.'

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் பம்மலில் பட்டறைக்குள்ளேயே தண்ணீர் வந்துவிட்டதால் பதினொரு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கினால் நகர் முழுக்கச் செம்மண் தண்ணீர். ஜனமெல்லாம் நாலாம் தெரு முனையில், மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்தில். கஸ்தூரிரங்கன் நனைந்த சார்ட்டும் கையுமாக ஓடி வந்தார்.

"பயப்படாதீங்கம்மா! எல்லாரையும் எண்ணிக் கொண்டாந்தாச்சு. உங்க பையன் ஒருத்தன்தான் பாக்கி. துளசிங்கம் போயிருக்கான். கதவைத் தட்டினானாம், திறக்கலை. உள்தாழ்ப்பாள் போட்டிருக்குன்னு கத்தினான். உடைச்சுண்டு உள்ளே போயிட்டான்."

கனகவல்லி தெருக்கோடியைப் பார்த்தாள். தேடிப் பார்த்துவிட்டு அவனே திரும்பிவிடுவான், நாம் வாயைத் திறக்க வேண்டாம் என்று ஒரு கணம் நினைக்கத்தான் நினைத்தாள். பக்கத்தில் துளசிங்கத்தின் பெண்டாட்டி அஞ்சம்மாள் கைக்குழந்தையை இடுக்கிக்கொண்டு, கண்ணை அந்த ஓட்டு வீட்டை விட்டு எடுக்காமல் நின்றாள். ஏரிக்கரை கரைந்து கரைந்து விழும் சத்தம் இங்கேயே கேட்டது.

"உள்ள யாரும் இல்ல சார்," என்றாள் கனகவல்லி. மழை இரைச்சலில் அது அவருக்கே கேட்கவில்லை.

பள்ளிக்கூடத் தூணிலிருந்து தெருவோடு கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளே இறங்கினாள். பின்னால் யார் யாரோ கத்தினார்கள். மார்பளவு தண்ணீரில் கரண்ட் கம்பம் வரை போய் நின்று, தொண்டை கிழியக் கூப்பிட்டாள்: "துளசிங்கம்! வந்துடுப்பா! உள்ள யாரும் இல்ல!"

உடைந்த கதவு வழியாக அவன் தலை தெரிந்தது. கையில் சிட்டிபாபுவின் சட்டை. "இன்னாக்கா சொல்ற? சட்ட கீது. ரெண்டு தட்டு மெதக்குது. தாப்பா உள்ளாற போட்டுக்கீது. ஆளு இல்லன்றியே! பரண் மேல ஏறிப் பாத்துட்டு வரேன், இரு!"

"ஏறாத! அந்தச் சட்ட நான் தோச்சிப் போட்டது. தாப்பா நான் போட்டது. தட்டு நான் வெச்சது. என் புள்ள வூட்ட வுட்டுப் போயி ஏழு வருசம் ஆச்சுப்பா! எங்க கீறான்னு எனக்கே தெரியாது. நான் ஒண்டியாதான் கீறேன்! நீ வந்துடு!"

பள்ளிக்கூடத்து மேட்டில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். துளசிங்கம் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தான். அவன் கயிற்றைப் பிடித்துக் கம்பத்துக்கு வந்து சேர்வதற்குள் பின்சுவர் சரிந்து, ஓடு மொத்தமும் பரணோடு உள்ளே விழுந்தது.

அஞ்சம்மாள் விடுவாளா? புருஷனைத் தலை துவட்டக்கூட விடாமல் பிடித்துக்கொண்டு கனகவல்லியைத் திட்டிக்கொண்டே இருந்தாள். "இல்லாத புள்ளைக்கு என் தாலியக் கேட்டியாடி! நீயெல்லாம் பொம்பளையா?" வகுப்பறையில் ஒரு மூலையில் கனகவல்லியைச் சுற்றி நாலடிக்கு யாரும் உட்காரவில்லை. கஸ்தூரிரங்கன் சார்ட்டை விரித்து, ரப்பரைத் தேடி எடுத்து, அவள் வீட்டுக்கு நேராக இருந்த இரண்டை அழிக்க ஆரம்பித்தார்.

துளசிங்கம் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்து, ஈரச் சட்டையை அவள் மடியில் வைத்தான். "அது சரிக்கா. அப்ப யாரத்தான் நான் அவ்ளோ நேரம் தேடினேன்?"

கனகவல்லி சட்டையைப் பிழிந்தாள். மறுபடியும் பிழிந்தாள்.

"என் புள்ளயத்தாம்பா," என்றாள். "இந்த ஏழு வருசத்துல அவனத் தேடிக்கினு போனவன் நீ ஒருத்தன்தான்."

அஞ்சம்மாள் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.