முட்டுக்காட்டுப் பாலத்துச் சூடம்

என் மேசை இழுப்பறையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் துண்டு, ஒயரோடு கிடக்கிறது. அப்பாவின் வேனில் இருந்த கிராங்க் சென்சார். கெட்டுப்போனதுதான். தூக்கிப் போட மனம் வரவில்லை.

அப்பா மாமல்லபுரத்திலிருந்து முட்டுக்காடு படகுத்துறைக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் செல்வார். பாலத்துக்குச் சற்று முன்னால் வண்டி அடிக்கடி அணைந்துவிடும். "அந்த எடத்துல இன்னாமோ கீது அண்ணாத்த" என்றார் இன்னொரு வேன்காரர். அன்றிலிருந்து அப்பா தானாகவே அங்கே நிறுத்தி, இறங்கி, சூடம் ஏற்றி, பத்து நிமிடம் கழித்துத்தான் கிளம்புவார். அதற்குப் பிறகு வண்டி மக்கர் செய்யவே இல்லை. நான் கேலி செய்தால், "இப்ப நிக்குதா? சொல்லு" என்பார். பொறியியல் படித்தவளுக்கு அது எவ்வளவு எரிச்சல்.

செங்கல்பட்டில் எனக்கு அரசு வேலைக்கான தேர்வு. ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள். "இந்த ரூட்டுல ஒண்ணும் இல்லம்மா, நேரா பூடலாம்" என்று அப்பா வேனை எடுத்தார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் வண்டி அணைந்தது. அப்பா சாலையோரத்தில் சூடம் ஏற்றினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அழுதேன். ஒருவழியாக வண்டி கிளம்பி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது. அப்பா காவலரிடம் கையெடுத்துக் கும்பிட்டார். அப்பா யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. கேட் திறக்கவில்லை.

செங்கல்பட்டு மெக்கானிக் அரைமணியில் கண்டுபிடித்துவிட்டார். எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டோடு ஒரு பல்சக்கரம் சுற்றும். பக்கத்தில் சென்சார், உள்ளே காந்தமும் கம்பிச்சுருளும். ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு மின்துடிப்பு எழும். சக்கரத்தில் ஓரிடத்தில் மட்டும் பல் இருக்காது. அந்த இடைவெளியை வைத்துத்தான் தண்டு எந்த நிலையில் இருக்கிறது, டீசலை எப்போது பீச்சுவது என்று வண்டியின் கணினி கணக்கிடுகிறது. துடிப்பு வராவிட்டால் எஞ்சின் நின்றுவிடும். எங்கள் சென்சாருக்குள் கம்பி அறுந்திருந்தது. சூடேறினால் விலகும், ஆறினால் ஒட்டும். முட்டுக்காட்டுப் பாலத்தை நெருங்கும்போதுதான் அந்த அளவுக்குச் சூடேறியிருக்கிறது.

"சூடம் இல்ல நைனா. பத்து நிமிசம் ஆறவுட்டீங்க பாரு, அதான் வேலை செஞ்சுது" என்றார் மெக்கானிக். கழற்றிய சென்சாரை அப்பா கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சென்சார் மாற்றிய பிறகு வண்டி எங்கும் நின்றதில்லை. ஆனாலும் அடுத்த ஆண்டு அதே தேர்வுக்கு அப்பா என்னை பஸ்ஸில் அழைத்துப் போனார். ஆறரைக்கே போய்விட்டோம். நான் தேர்வு எழுதி வெளியே வரும்வரை கேட்டுக்கு எதிரே நின்றிருந்தார். சட்டைப்பையில் இந்தக் கறுப்புத் துண்டு துருத்திக்கொண்டிருந்தது.