அப்பாவின் ஜன்னல் சீட்

செங்கல்பட்டிலிருந்து வரும் காலை லோக்கலில் தாம்பரத்தில் ஏறினால் நிற்கத்தான் இடம் கிடைக்கும். எனக்கு, அதாவது. என்னோடு ஏறும் ஒருவருக்கு மட்டும் ஜன்னலோரத்தில் ஒரு கர்சீப் காத்திருக்கும். தாம்பரத்துக்கு முன்பே மறைமலை நகரில் ஏறும் சீட்டாட்டக் கோஷ்டி இடம் பிடித்துப் போட்டு வைப்பது. என்னோடு ஏறுபவர் ஒல்லியான மனிதர், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. கர்சீப்பை நாலாக மடித்து உரியவரிடம் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளை மாதிரி உட்காருவார். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் கேட்டே விட்டேன். "அதென்ன சார், உங்களுக்கு மட்டும்?"

"இது எங்க அப்பா சீட் சார். அவர் ரிட்டயர் ஆனதும் இவங்க எனக்குக் குடுத்துட்டாங்க."

காலனி விழாவில் பாரம்பரியம் பற்றிப் பேச நான் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. சும்மா விடுவேனா?

"ஹெரிடேஜ்ங்கிற வார்த்தையே லத்தீன்ல வாரிசைக் குறிக்கிற சொல்லுலேர்ந்து வந்தது சார். கோயில், கோட்டையெல்லாம் அப்புறம் சேர்ந்த அர்த்தம். முதல்ல அது வாரிசுக்கு வர்ற சொத்துதான். ரயில் சீட்டெல்லாம் அதுல வராது!"

அவர் கோபப்படவில்லை. "உங்க அப்பாவும் இந்த வண்டியிலதான் போனாரா?"

"ஆமா. ரிட்டயர் ஆகுற வரைக்கும், இதே கதவோரக் கம்பியைப் புடிச்சு நின்னுக்கிட்டே."

"அப்ப உங்களுக்கும்தான் வந்திருக்கே சார்!" என்று நான் பிடித்திருந்த கம்பியைக் காட்டினார். கோஷ்டியே சிரித்தது.

அந்த ஜன்னலைப் பார்த்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் நேற்று யாரோ ஒருவர் எனக்கு முன்பே வந்து கதவோரக் கம்பியைப் பிடித்திருந்தார்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன். "அது எங்க அப்பா கம்பி."